பிடி கொடுத்தவர்களின் எடை

12.06.2025, வியாழன்

இன்றும் நிறுக்கிற மெசின் செத்துப் போனது. கடை நிறைய ஆட்கள். சோமரத்னவின் மிளகு மூடை தராசில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, திரையில் எழுத்து உறைந்து நிற்கிறது. எதைத் தட்டினாலும் அசைவில்லை. பிளக்கைக் கழற்றி மாட்டினால் எழும்பி வருகிறது. ஆனால் அதுவரை நிறுத்ததில் கடைசி மூடைகளை மறந்துவிட்டு எழும்புகிறது. மூடை தரையில் கிடக்கிறது, சீட்டில் இல்லை.

சோமரத்ன ரத்தோட்டைப் பக்கத்து மிளகுக்காரர்களுக்குத் தலைவர் மாதிரி. அவர் எந்தக் கடையில் இறக்குகிறாரோ அந்தக் கடையில்தான் அந்த மலைப்பக்கம் முழுவதும் இறக்கும். சிங்கள மனுஷர். சந்தையில் பழகிய தமிழில், சத்தம் போடாமல் சொன்னார்: "நோனா, நான் பக்கத்துல நின்னேன், கண்டேன். நிக்காதவனுக்கு என்ன நடந்திருக்கும்?"

சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார். எல்லா மூடையையும் திரும்ப நிறுத்துக் கொடுத்தேன். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் விடாமல் கழுத்தை நீட்டித் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபது வருட வியாபாரத்தில் என் தராசை யாரும் இப்படிப் பார்த்ததில்லை.

14.06.2025, சனி

மெசினைக் கட்டித் தந்த கண்டி ஷியாமுக்குப் போன் எடுத்தேன். இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். தராசு, அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கணினிப் பெட்டி, சீட்டு அடிக்கும் பிரிண்டர் – மூன்றையும் சேர்த்து வைத்தது அவன்தான்.

"அக்கா, ஓஃப் பண்ணி ஒன் பண்ணிப் பாருங்க."

"அதத்தான் தம்பி செஞ்சிட்டு ஈக்கிறேன். இப்ப ஊர் என்னை ஓஃப் பண்ணப் பாக்குது."

சிரித்தான். பிறகு தான் எழுதிய புரோகிராம் முழுவதையும் அனுப்பி வைப்பதாகவும் யாராவது தெரிந்தவர்களைக் கொண்டு பார்க்கும்படியும் சொன்னான். மறைக்கவில்லை. அந்த மட்டில் நல்ல பிள்ளை.

15.06.2025, ஞாயிறு

கீழ்க்கடையில் என் பெயர் அடிபடுவது காதுக்கு வந்தது: கைறுன்னிஸாவின் பெட்டிக்குள் மூடை விழுங்குகிற சிப் ஒன்று ஈக்காம்.

16.06.2025, திங்கள்

என் வீட்டுக்காரர் ஜுனைதீன் காலைச் சாப்பாட்டிலேயே தொடங்கிவிட்டார். "பழைய தொங்குதராச எடுத்து மாட்டு. அது மயங்கி விழுந்து நான் கண்டதில்ல."

"மாட்டலாம். நம்மட மிளகு வாங்குற கொழும்புக்காரன் ஒவ்வொரு மூடையிலயும் யார்ட மிளகு, என்ன எடை என்டு அச்சடிச்ச லேபல் கேக்கிறானே? நீங்க உட்கார்ந்து எழுதுவீங்களா?"

"என்ட எழுத்த வாசிக்கிறத்துக்கு வேற மெசின் வாங்கணுமே."

சிரித்துவிட்டேன். ஆனால் லேபல் மட்டுமா விஷயம்? இன்றைக்கு மெசினை மூடி வைத்தால், திருடினவள் அகப்பட்டதும் மறைக்கிறாள் என்பார்கள். மூடவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது. பலாபத்வல பஸ் தரிப்பில் ஒரு கைப்பையோடு நின்று மிளகு வாங்கத் தொடங்கியவள் நான். கடையும் லொறியும் பிறகு வந்தவை. முதலில் வந்தது, 'கைறு நோனாட எடை சரி' என்ற பேச்சு. அது போனால் மற்றவை தானாகப் போகும்.

லொறிக்கு பிரேக் பார்க்கிற ரபாயேலின் மனைவி பிரின்ஸி வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பனிக்குக் கணினி வேலை செய்கிறாளாம். கணினியின் அடிவயிற்றில் செய்கிற வேலை என்று ரபாயேல் சொல்லுவான். நாளை உக்குவளைக்கு, அவள் வீட்டுக்குப் போகிறேன்.

17.06.2025, செவ்வாய்

போனேன். பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பிரின்ஸிக்கு முப்பத்தைந்து இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். தேத்தண்ணி தந்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"அக்கா, இது எத்தன நாளைக்கு ஒருக்கா விழுது?"

"சில நாள் ரெண்டு தரம். சில நாள் ஒழுங்கா வேல செய்யுது."

"அப்ப கஷ்டம். எப்பவும் விழுற மெசின ஒரு நாள்ல திருத்தலாம். நினைச்ச நேரம் விழுறதப் பிடிக்கத்தான் ஆகாது."

கூலி பேசினேன். பிறகு பேசுவோம் என்றாள். பிறகு என்று சொல்பவர்களிடம் எனக்குப் பயம். ஆனால் பெட்டியைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஷியாம் ஆபத்துக்கென்று தந்திருந்த மற்றப் பெட்டியைக் கடையில் மாட்டியாயிற்று. அதுவும் இதே வகை, இதே வியாதி.

21.06.2025, சனி

பிரின்ஸி வீட்டில் பெட்டி விழமாட்டேன் என்கிறது! இரவல் வாங்கிய தராசில் செங்கல்லை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி ரபாயேலுக்கு இடுப்பு வலியாம். ஒரு தரமும் விழவில்லை. என் கடையில் மட்டும்தான் சாகிறது.

"உங்க கடையில யாரோ அதப் பயப்படுத்துறாங்க அக்கா" என்றாள் போனில். பகிடிக்குச் சொன்னது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

22.06.2025, ஞாயிறு

கடை மூடிய நாள். லுஹர் தொழுதுவிட்டுப் படுத்தேன், கண் மூடவில்லை. மெசினை விட்டுவிட்டு ஆட்களை யோசித்தேன் – எனக்குத் தெரிந்தது ஆட்கள்தானே. யார் யார் மூடையில் விழுந்தது? சோமரத்ன. அபீபா உம்மா. மாதா கோயில் பக்கத்து மரிய கொறற்றி. திரும்பவும் சோமரத்ன. எல்லாரும் நல்ல மனுஷர். யாருக்கு ஒரு நாளும் விழவில்லை? றஹீமுக்கு. சோமரத்ன அளவுக்கு மூடை கொண்டு வருகிறவர்தான் அவரும். அவர் நிறுக்கும்போது மெசின் மணவறை மாப்பிள்ளை மாதிரி ஒழுங்காக இருக்கும்.

றஹீமுக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம்? ஊருக்கே தெரியும். றஹீம் பிடி போடமாட்டார்.

எழும்பி உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் கடை வழக்கம் இது: நிறுத்து முடிந்த மூடையிலிருந்து விரும்பினவர் ஒரு பிடி மிளகு அள்ளிப் பொதுச் சாக்கில் போடுவார். போகம் முடிய அதை விற்றுப் பள்ளிவாசலுக்கும் பௌத்தப் பன்சலைக்கும் கோயிலுக்கும் பிரித்துக் கொடுப்போம். கட்டாயமில்லை. கொடுத்தவரின் சீட்டில் அந்த மூடைக்கு நேரே சின்னதாக ஒரு கை அடையாளம் விழும். அந்தக் கை அடையாளத்தை, மெசின் வந்த பிறகு, ஷியாமிடம் சொல்லிச் சேர்ப்பித்தது நான்தான். பிரின்ஸி செங்கல்லை நிறுத்தாள். செங்கல் பிடி கொடுக்குமா?

அப்போதே போன் எடுத்தேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, "அக்கா, வைங்க, வைங்க, நான் பாக்கிறேன்" என்று அவளே வைத்துவிட்டாள்.

23.06.2025, திங்கள்

காலையிலேயே போன். "விழுந்திருச்சு அக்கா! மூணு தரம் விழுத்திட்டேன்!" பிள்ளை பெற்றவள் மாதிரிச் சந்தோஷம். பெட்டி விழுந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

25.06.2025, புதன்

பிரின்ஸி கடைக்கே வந்து விளங்கப்படுத்தினாள். எனக்கு விளங்கியதை எழுதி வைக்கிறேன்.

மெசினின் மூளை எண்களை நாலு நாலு அறையாகத்தான் தூக்கும். எண் ஒரு கட்டு அறைக்குள் ஒழுங்காக இருந்தால் ஒரே தூக்கு. கை அடையாளம் போட்டதும் ஷியாமின் புரோகிராம் ஓர் அறையை அதற்குக் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பின்னால் வருகிற எடை ஓர் அறை தள்ளி, இரண்டு கட்டுக்கும் குறுக்கே விழுகிறது. மூளை தூக்கப் பார்த்து, "என்னால ஏலாது" என்று கையை உயர்த்துகிறது. அப்போது கர்னல் வர வேண்டும். எல்லாப் புரோகிராமுக்கும் அடியில் இருந்து கணினியை நடத்துவதற்கு அந்தப் பெயராம்.

"கர்னல் என்டா யாரு?" என்றேன்.

"நம்ம தோட்டத்து கங்காணின்னு வைங்க. ஆள் தூக்க முடியாத சாமான கங்காணி வந்து பாதி பாதியாத் தூக்கிச் சேத்துக் குடுப்பாரு. அது சரியாத்தான் நடக்குது. ஆனா நிறைய மூடை உள்ள ஆளுக்கு, எடையில பாதி ஒரு அறையிலயும் மீதி பூட்டின அடுத்த அறையிலயும் கிடக்கும். அந்த அறையத் தெறக்கிறதுக்கு கங்காணியே வேற ஆளக் கூப்பிடணும். ஆனா அவரு வேலைக்கு வரும்போதே தனக்குப் பின்னால கதவச் சாத்திட்டுத்தான் வந்தாரு. கூப்பிட்டா யாருக்கும் கேக்காது. அவரும் நிக்கிறாரு, ஆளும் நிக்கிறான், தோட்டமே நிக்குது."

ஜுனைதீன் கேட்டுக்கொண்டிருந்தவர், "அப்ப கங்காணிய மாத்து" என்றார்.

"அங்கிள், அவர மாத்த ஏலாது. பழக்கணும்."

அப்படியானால் கொடுத்தவனுக்குத்தான் குறைந்திருக்கிறது. அள்ளிப் போடாத றஹீமுக்கு ஒரு மணி மிளகும் குறையவில்லை. யா அல்லாஹ், இதை எப்படி நான் அந்த மனுஷர்களுக்குச் சொல்ல?

27.06.2025, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போய் வந்து இவர் சொன்னார்: "கை அடையாளத்த எடுத்துப் போட்டா முடிஞ்சுதானே. அஞ்சு நிமிஷ வேல என்டு அந்தப் புள்ளையே சொல்லிச்சு."

உண்மைதான். ஆனால் அடையாளத்தை எடுத்த அன்றே மெசின் திருந்தினால் ஊர் என்ன சொல்லும்? 'பிடி என்று சொல்லி மூடையை எடுத்தாள், அகப்பட்டதும் பிடியை நிறுத்திவிட்டாள்.' அதை ஏழு வருடத்துக்கும் கழுவ முடியாது.

பிரின்ஸிக்கு வேறு காரணம். "அடையாளத்த எடுத்தா இங்க சரி. கங்காணி அப்படியேதான் இருப்பாரு. இதே பெட்டிய எங்கயாவது ஒரு ஆஸ்பத்திரியில வச்சிருந்தா? அங்க வேற சாமான் குறுக்க விழும்."

அவளுக்கு உலகம், எனக்குக் கடை. இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன. கர்னலையே திருத்தச் சொல்லிவிட்டேன்.

02.07.2025, புதன்

திருத்திய பெட்டி கடைக்கு வந்தது. காலையிலிருந்து மூடை மூடையாக ஏற்றினோம். பிடி போட்டார்கள், கை அடையாளம் விழுந்தது. மெசின் விழவில்லை! பின்னேரம் வரை விழவில்லை. அஸர் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் கொஞ்சம் கூட நேரம் இருந்தேன். இவர் பிரின்ஸி வீட்டுக்கு இனிப்பாக வட்டிலப்பம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

நெஞ்சிலிருந்து மூடை இறங்கிய மாதிரி இருக்கிறது.

05.07.2025, சனி

வட்டிலப்பம் அவசரப்பட்டுக் கொடுத்தது.

சோமரத்ன வந்தார். கடைசித் தரம் பார்க்கிறேன் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. கூட நாலைந்து பேர். மூடைகள் ஏறின, இறங்கின. கடைசி மூடை அரை மூடை – மிஞ்சினதை அள்ளிக் கட்டிய அடிமூடை, ஒரு கையால் தூக்கலாம். சீட்டு வந்தது. வாங்கிக் கொடுக்கப் போனவள் பார்த்தேன். கடைசி இரண்டு வரியிலும் ஒரே எடை. முழு மூடைக்கும் நாற்பத்தொன்று, அரை மூடைக்கும் நாற்பத்தொன்று.

அவருக்குக் கூடுதலாகவும் எனக்கு நட்டமாகவும் வந்திருக்கிறது. கொடுத்தனுப்பினால் இன்றைய கதை முடியும். மெசின் நிற்கவில்லை, எல்லாரும் பார்த்தார்கள், சோமரத்ன சந்தோஷமாகப் போவார். ஒரு அரை மூடை எனக்குப் பெரிதா? அதைவிடக் கூடவே இந்த மாதம் இழந்திருக்கிறேன்.

ஆனால் இன்று அவருக்குக் கூட்டிப் போட்டது நாளை அபீபா உம்மாவுக்குக் குறைத்துப் போடும். நின்று போகிற மெசினைப் பொறுக்கலாம். நிற்காமல் பொய் சொல்கிற மெசினை வைத்துக்கொண்டு நான் எப்படி வியாபாரம் செய்வேன்?

"நிப்பாட்டுங்க!" என்றேன். எனக்கே என் சத்தம் கூடிப்போனது. "சோமரத்ன ஐயா, இந்தச் சீட்டு பிழை. அடிமூடைக்கு முழு எடை போட்டிருக்கு. திரும்ப நிறுக்கணும்."

அவர் சீட்டை வாங்கவேயில்லை. வெற்றிலைச் சிரிப்பு. "நானும் கண்டேன் நோனா. சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

"சொல்லாம விட்டிருந்தா?"

"மிளகையும் வித்திட்டு, கதையையும் கொண்டு போயிருப்பேன்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் கதிரையில் உட்கார்ந்தேன். தொங்குதராசை எடுத்து மாட்டச் சொன்னேன். மாட்டினபோது, திருடிவிட்டு மறைக்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை. இந்த மாதம் முழுவதும் எதற்குப் பயந்தேனோ அது நடந்தது. ஆனால் பயந்த மாதிரி நடக்கவில்லை. லேபலை நானே கையால் எழுதினேன். கொழும்புக்குப் போன் எடுத்து இரண்டு கிழமைக்குக் கையெழுத்து லேபல்தான் வரும் என்றேன். முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள்.

போகும்போது சோமரத்ன கேட்டார்: "மெசின் நல்லாகுமா?"

"இன்ஷா அல்லாஹ்."

"நல்லாகினா சொல்லியனுப்புங்க. வருவோம்."

நான் நல்லவளா என்று இப்போது என்னையே கேட்கிறேன். தெரியாது. வியாபாரி. பொய்க் கணக்கு ஒரு நாளைக்கு லாபம் தரும் என்பதும் மறு நாளைக்குக் கடையைத் தின்னும் என்பதும் தெரிந்தவள். அவ்வளவுதான்.

06.07.2025, ஞாயிறு

உக்குவளைக்குப் போனேன். பிரின்ஸிக்குச் சீட்டைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. கோபம் என்மேல் இல்லை.

"கங்காணி இப்ப கதவச் சாத்துறதில்ல அக்கா, அத நான் திருத்திட்டேன். ஆனா போய்ப் பாக்கிறாரு, அந்த நேரம் அடுத்த அறை தெறக்க முடியல. வெறுங்கையோட திரும்பி வாறாரு. கொண்டு வரலன்னு சொல்லணுமா இல்லையா? சொல்லல. ஆளும் கேக்கல. கையில முந்தின மூடையோட எடை இருந்திச்சு, அதையே குடுத்திட்டாரு."

"பொய்யன்."

"பொய்யன் இல்லக்கா, சோம்பேறி. இந்தச் சிப் விக்கிறவங்க யாரோ அவசரத்துல எழுதின பகுதி. முதல் பிழை பின்னால இருந்த ரெண்டாவதை மறைச்சிட்டு இருந்திருக்கு. அது விழுந்திட்டிருந்த வரைக்கும் இது வெளியில வரல. நானும் சந்தோஷத்துல பாக்காம விட்டுட்டேன்."

அவள் தானே அதைச் சொன்னது எனக்குப் பிடித்தது. ரபாயேல் வாசலில் நின்று, "வட்டிலப்பத்தத் திருப்பிக் கேக்கத்தான் வந்தீங்கன்னு நினைச்சேன் ராத்தா" என்றான். கத்தோலிக்கப் பையனுக்கு என்னை அக்கா என்னாமல் எங்கள் ஆட்கள் மாதிரி ராத்தா என்று கூப்பிடப் பழக்கியது ஜுனைதீன்தான்.

13.07.2025, ஞாயிறு

இந்தத் தடவை அவளை அவசரப்படுத்தவில்லை. செங்கல், மண்வெட்டி, ரபாயேலின் லொறி ஜெக், எல்லாவற்றையும் பிடி போட்டதாகவே நிறுத்துப் பார்க்கிறாளாம். பெட்டிக்கு வேண்டுமென்றே இடத்தைக் குறைத்து, அறைகளைப் பூட்டிப் பூட்டி, கங்காணியை வதைக்கிறாள். இப்போது அடுத்த அறையைத் திறக்கும்வரை காத்திருந்து எடுத்து வருகிறாராம். உண்மையாகவே எடுக்க முடியாவிட்டால், "முடியவில்லை" என்று சொல்லி அந்த ஒரு சீட்டை மட்டும் நிறுத்துவார். பழைய எடையைக் கொடுக்க மாட்டார்.

ஏலாததை ஏலாது என்று சொல்கிற ஆள் எனக்குப் போதும். கடையில் அப்படி ஆள் கிடைப்பதே கஷ்டம்.

19.07.2025, சனி

சொல்லியனுப்பினேன். சோமரத்னவும் ஆட்களும் வந்தார்கள். ஒவ்வொரு மூடையும் முதலில் தொங்குதராசில், பிறகு மெசினில். சோமரத்னவே இரண்டையும் உரத்து வாசித்தார். றஹீமும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். இரண்டும் ஒத்து வந்தன, கடைசி அடிமூடை வரைக்கும். பிரின்ஸி மூலையில் லெப்டொப்போடு உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

யாருக்குப் பழைய நாட்களில் குறைந்தது என்பதை எல்லார் முன்னாலும் சொன்னேன்: பிடி போட்டவர்களுக்குத்தான் என்று. திரும்ப நிறுக்காமல் போனவர்கள் வந்து கேட்டால் அவர்கள் சொல்கிற மூடையை ஏற்றுக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். ஜுனைதீன் என்னைப் பார்த்தார். பார்க்கட்டும். கொஞ்சப் பேர் கூட்டிச் சொல்லுவார்கள். தெரிந்துதான் சொன்னேன்.

அபீபா உம்மா ஒரு மூடை என்றா. மரிய கொறற்றி, "எனக்குக் குறைஞ்சதான்னே தெரியாது, விடுங்க" என்றா. றஹீம், "அப்ப பிடி போடாத நான்தான் புத்திசாலி" என்றார். கடையே சிரித்தது. சோமரத்ன அவர் முதுகில் தட்டி, "முதலாளி, இப்ப மெசின் நல்லாகிருச்சி. இனிப் பிடி போடாம இருக்கச் சாட்டு இல்ல" என்றார். றஹீம் போட்டார்! ஒரு பிடி என்று சொல்ல முடியாது, மூன்று விரலால் கிள்ளியது. ஆனால் கை அடையாளம் விழுந்தது.

04.08.2025, திங்கள்

பிரின்ஸி கூலி வாங்கவில்லை. பதிலுக்குக் கேட்டது இதுதான்: இந்தத் திருத்தத்தை, கர்னலைப் பேணுகிற உலகத்து ஆட்களுக்கு அனுப்ப விட வேண்டும். என் கடை வெட்கம் உலகமெல்லாம் போவதா என்று முதலில் யோசித்தேன். பிறகு, ஊர் பேசியதைவிட உலகம் என்ன பேசிவிடப் போகிறது என்று சம்மதித்தேன். அங்கே யாரோ ஒருவர் இரண்டு தரம் திருப்பி அனுப்பினாராம் – இது போதாது, அது ஏன் என்று. சோமரத்ன மாதிரி ஆட்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். இன்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். திருத்தத்தின் கீழே பிழையைத் தெரிவித்தவர் என்று என் பெயர் போட்டிருக்கிறாளாம். ஆங்கிலத்தில் காட்டினாள்.

ஜுனைதீன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "புகார் சொல்றதுக்கும் பேர் போடுறாங்களா? அப்ப வீட்டில சொன்னதுக்கெல்லாம் சேத்துப் போட இடம் போதாதே" என்றார்.

கொழும்புக்கு அச்சடித்த லேபலோடு முதல் லொறி போயிற்று. அங்கிருந்து சத்தமில்லை. சத்தமில்லை என்றால் சரி என்று அர்த்தம்.

16.08.2025, சனி

கடை நிறைய ஆட்கள். மழை வரும் போல இருந்தது. சோமரத்ன மூடைகளை இறக்கிவிட்டு, ரத்தோட்டை ரோட்டுக் குழியைப் பற்றி ஜுனைதீனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற பெண்கள் அபீபா உம்மாவின் பேத்திக்குப் பேசி வந்த மாப்பிள்ளையைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். மூடைகள் ஏறின, இறங்கின. சீட்டு வந்தது. சோமரத்ன பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி வாங்கி, பார்க்காமல், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். கொஞ்சத்தில் நானும் எழும்பித் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.